சீனி விளைந்த பாத்தி

ராஜகனி சீனியை விட்ட வருடம்தான் குணசீலன் அண்ணாச்சியின் உப்பளத்தில், கடலோரக் கடைசிப் பாத்தியில் உப்புக்குப் பதிலாகச் சீனி விளைந்தது. கடல் அதே கடல், வெயில் அதே வெயில், வாய்க்காலில் வந்ததும் மற்றப் பாத்திகளுக்குப் போன அதே தண்ணீர்தான். மற்றதில் எல்லாம் உப்பு பூத்தது, அந்த ஒன்றில் மட்டும் சீனி பூத்தது. எப்படி விளைந்தது என்று எங்கள் ஊரில் கேட்டவர்கள் குறைவு. அதை என்ன செய்வது என்று கேட்டவர்கள்தான் அதிகம்.

ராஜகனி அந்த அளத்துக்கு வந்தது கல்யாணமான புதிதில். இப்போது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தாள். விடியுமுன்னே வாருபலகையைப் பிடித்து உப்பைக் கூட்டி, பெட்டியில் அள்ளித் தலையில் சுமந்து வரப்பில் குவித்துவிட்டு, உப்பின் வெள்ளை கண்ணைக் குத்தத் தொடங்கும் நேரத்தில் டீ வாளி வந்ததும் முதலில் போய் உட்காருகிறவள் அவள்தான். டீயில் போட்டு வந்த சீனி அவளுக்குப் போதாது, முந்தானையில் தனியாக ஒரு பொட்டலம் முடிந்து வைத்திருப்பாள். சம்பள நாளில் பஜாருக்குப் போனால் மக்ரூன், கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போனால் ஏணிப்படி மிட்டாய், முதலூர்ப் பக்கம் யாராவது போய் வந்தால் மஸ்கோத் அல்வா என்று, இனிப்பு அவளைத் தேடி வந்ததா அவள் இனிப்பைத் தேடிப் போனாளா என்று தெரியாதபடி அவள் நாட்கள் போயின. யாராவது கேலி செய்தால், "நாள் பூரா காலு உப்புல நிக்கி, நாக்காவது வேற எங்கயாச்சும் இருக்கட்டும்" என்பாள்.

அந்த ஐப்பசியில், மழைக்காக அளம் மூடிக் கிடந்தபோது, அவளுடைய இடது குதிகாலில் ஒரு புண் வந்தது. உப்புக் கீறல் என்று எண்ணெய் தடவினாள். அது ஆறவில்லை. கார்த்திகை பிறந்தும் ஆறாமல் ஓரம் கறுத்தபோது, அவள் தன் அக்காள் தங்ககனியை நினைத்துக்கொண்டாள். அக்காளுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. அவளும் இதே அளத்தில் வேலை பார்த்தவள். இப்போது ஒரு காலில் முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லாமல், மூன்றாம் தெருவில் மகன் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து கடற்காற்றைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

அரசு ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா புண்ணை விளக்கு வெளிச்சத்தில் பார்த்தார்.

"சுகர் ரொம்ப ஏறியிருக்கு. மாத்திரை தர்றேன், புண்ணுக்குக் கட்டுப் போட வரணும். ஆனா நீங்க சீனியை விடணும்."

"குறைச்சுக்கிடுதேன் டாக்டரம்மா."

"குறைக்கச் சொல்லல. விடச் சொன்னேன். இல்லன்னா அடுத்த மழைக்குள்ள இந்தப் பாதத்தை எடுக்கிற மாதிரி ஆயிடும்."

"அளத்துல காலை வச்சாத்தான எனக்குக் கூலி?"

"அதனாலதான் சொல்றேன்."

ராஜகனி வீட்டுக்கு வந்து, முந்தானை முடிச்சை அவிழ்த்து, இருந்த சீனியை முருங்கை மரத்தடியில் எறும்புகளுக்குக் கொட்டினாள். முதல் வாரம் தலை வலித்தது, புருஷன் சுயம்பு மூச்சு விட்டால்கூடக் கோபம் வந்தது. பாவம் பார்த்து அவன் வாங்கி வந்த மக்ரூன் பொட்டலத்தை ஆட்டுக்கு வைத்தாள், ஆடு அதற்குப் பிறகு பல நாள் அவனையே சுற்றிச் சுற்றி வந்தது. அவள் கேப்பைக் கூழும் கீரையும் சாளை மீனும் தின்றாள், மாத்திரையை விடாமல் போட்டாள், சீனியில்லாத டீயை மருந்து மாதிரிக் கண்ணை மூடிக் குடித்து, பிறகு கண்ணைத் திறந்தே குடித்து, பிறகு அதில் தேயிலைக்கென்று ஒரு ருசி இருப்பதைக் கண்டுபிடித்து அதை எஸ்தரிடம் போய்ச் சொன்னாள். எஸ்தர் அவளோடு வாருபலகை பிடிக்கிறவள், பக்கத்து வீட்டுக்காரி. "உனக்கு மண்டைக்கு ஏறிட்டு" என்று எஸ்தர் சொன்னாள்.

தை பிறந்து அளம் திறந்தார்கள். மழைக்குப் பிறகு பாத்தியின் தரை இளகிக் கிடக்கும், அப்படியே தண்ணீர் விட்டால் உப்போடு சேறும் வரும். அதனால் பெண்கள் வரிசையாக நின்று, முன்னால் நிற்கிறவள் தோளில் பின்னால் நிற்கிறவள் கை வைத்து, தரை கல்லாக இறுகும் வரை குதிகாலை ஊன்றி ஊன்றி மிதிக்க வேண்டும். செருப்புப் போட்டால் பள்ளம் விழும் என்று வெறுங்காலில்தான் மிதிப்பது. ராஜகனி கட்டுப் போட்ட இடது குதிகாலைப் பிளாஸ்டிக் பையால் சுற்றி, தரையில் படாமல் தூக்கிக்கொண்டு, விரல்களால் நடந்து வந்தாள். கங்காணி வைகுண்டம் அதைப் பார்த்தார்.

"நீ வரிசையில நொண்டினா வரிசையே நொண்டும்மா. அந்தக் கடைசிப் பாத்தி சின்னதுதான, அதை நீ ஒத்தையாளா உன் இஷ்டத்துக்கு மிதி."

அவள் ஒத்தையாளாக மிதித்தாள். மிதிக்க மிதிக்க உடம்பிலிருந்து ஏதோ ஒன்று தொடை வழியாகக் கெண்டைக்கால் வழியாக இறங்கி, உள்ளங்காலில் பிசுபிசுத்துத் தரைக்குள் போனது. சேறு என்று நினைத்துக்கொண்டாள். சாயங்காலம் வீட்டுக்கு நடந்தபோது, தலைச்சுமையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

மாசியில் மற்றப் பாத்திகளில் உப்பு பூத்தபோது, கடைசிப் பாத்தியின் வரப்பில் எறும்பு ஊர்ந்தது. அளத்தில் யாரும் எறும்பைப் பார்த்ததில்லை. எஸ்தர் குனிந்து ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தாள்.

"ஏட்டி, இது உப்பு இல்ல, சீனில்லா."

"நல்லாப் பாத்துச் சொல்லு."

"நீயே தின்னு பாரு."

"நான் விட்டுட்டேன். நீ சொன்னா நான் நம்பிக்கிடுதேன்."

வைகுண்டம் தின்று பார்த்தார். அளத்து முதலாளி குணசீலன் அண்ணாச்சி காரில் வந்து இறங்கி, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தின்று பார்த்தார். அவருக்கு முதலில் வந்தது கவலைதான். "உப்புல இது கலந்துட்டா லாரி லாரியாத் திரும்பி வந்துருமே. தனியாக் குவிங்க, ஓலையைப் போட்டு மூடுங்க" என்றார். இரண்டாவதாகத்தான் சீனி உப்பைவிட விலை கூடியது என்பது நினைவுக்கு வந்தது. அவர் குரல் இளகியது. "பாத்தி என்னுது, தண்ணி என்னுது. இருந்தாலும் ஊருக்கும் ஒரு பங்கு கொடுப்போம்."

"கால் என்னுது அண்ணாச்சி" என்றாள் ராஜகனி. அவர் யோசித்துவிட்டு, சரி பாதி ஊருக்கு என்று ஒத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு அது எங்களுக்குப் பழகிவிட்டது. ரேஷன் கடையில் சீனி வரவில்லை என்று யாரும் சண்டை போடவில்லை. அம்மன் கோயில் கொடையில் அந்தச் சீனியில்தான் பொங்கல் வைத்தார்கள், மாதா கோயில் அசன விருந்தில் பாயசத்துக்கும் அதுதான். பால்வாடிப் பிள்ளைகள் மத்தியானம் தூங்காமல் குதித்ததால் டீச்சர் மட்டும் வேண்டாம் என்று திருப்பி அனுப்பினாள். நாரைகள் அந்தப் பாத்தியில் இறங்கி, அலகை நனைத்து, தலையை உதறிவிட்டுப் பறந்தன. உடை மரங்களிலிருந்து தேனீக்கள் புறப்பட்டு வெள்ளை வெயிலில் அளத்தைத் தாண்டி வந்து, திரும்பிப் போக வழி தெரியாமல் வைகுண்டத்தின் குடைக்குள் தங்கின, அவர் குடையை விரிக்காமலே கங்காணி வேலை பார்த்தார்.

ஆனால் எல்லாரும் கவனித்த ஒன்று உண்டு. ஒவ்வொரு முறை வாரும்போதும் அந்தச் சீனிக்கு ஒவ்வொரு வாசனை இருந்தது. முதலில் வாரியதில் அளத்து டீயின் வாசனை. அடுத்து மக்ரூன், முந்திரி நெடியோடு. அதற்கடுத்து மஸ்கோத் அல்வாவின் தேங்காய்ப்பால். ஒருநாள் வாரியதில் அவளுடைய கல்யாணப் பந்தியில் வைத்த லட்டின் கிராம்பு வாசனை வந்தது, சுயம்பு ஒரு கை நிறைய எடுத்து வைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்து வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. தின்றது தின்ற வரிசையில், பின்னாலிருந்து முன்னால், அவளை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. அவள் இடுப்பு சிறுத்தது, ராத்திரி தாகமில்லாமல் தூங்கினாள், கண்ணுக்கு முன்னால் மிதந்துகொண்டிருந்த புகை விலகிக் கப்பல்கள் தெரிந்தன. குதிகால் புண் ஓரங்களிலிருந்து சிவந்து சிவந்து சுருங்கியது. "இப்படியே போனா காலு தப்பிச்சிரும்" என்றார் டாக்டரம்மா. கேட்டுவிட்டு அவள் பஸ்ஸில் ஏறாமல் நடந்தே வீட்டுக்கு வந்தாள்.

பங்குனி முடிவில் சீனி குறைந்தது. பாத்தியின் ஓரத்தில் உப்பு தலைகாட்டியது. அந்த நேரத்தில் ஒரு கோடை மழை எல்லாப் பாத்திகளையும் கரைத்துவிட்டுப் போக, மறுபடி மிதிக்க வேண்டி வந்தது. மறுபடி மிதித்தால் மறுபடி சீனி வேண்டும், அதற்கு ராஜகனிக்குள் சீனி இருக்க வேண்டும் என்று ஊர் தானாகவே கணக்குப் போட்டது.

முதலில் அண்ணாச்சி ஒரு பெரிய அட்டைப்பெட்டி மக்ரூன் கொடுத்தனுப்பினார். பிறகு கோயில் கமிட்டிக்காரர்கள் லட்டோடு வந்தார்கள். கருப்பட்டி சீனியில் சேராது என்று ஒருத்தி கருப்பட்டி மிட்டாய் கொண்டுவந்தாள், தேங்காய்ப்பாலில் செய்கிறதால் உடம்புக்கு நல்லது என்று இன்னொருத்தி மஸ்கோத் கொண்டுவந்தாள். யாரும் அவளை மிரட்டவில்லை. எல்லாரும் சிரித்த முகத்தோடு வந்து, "ஊருக்காக ஒரு வாய்" என்று சொல்லி வைத்துவிட்டுப் போனார்கள். அவள் எல்லாத் தட்டுகளையும் வாங்கி நன்றி சொல்லி மூடி வைத்தாள். தின்னவில்லை.

சுயம்புவுக்கு ஒரு யோசனை வந்தது. "நான் தின்னா ஆகாதா? எனக்குத்தான் சுகர் கிடையாதே." அவன் எல்லாத் தட்டுகளையும் ஒழித்துக் காலி செய்துவிட்டு ஒரு பாத்தியில் இறங்கி மூச்சு வாங்க மிதித்தான். அதில் உப்புகூட ஒழுங்காக விளையவில்லை. வைகுண்டம் குடைக்குள் தேனீக்களின் சத்தத்தைக் கேட்டபடி யோசித்துச் சொன்னார்: "தின்னது இருக்கு, விட்டது இல்லல்லா. விட்டவங்க காலுலதான் அது இறங்கும் போல."

கடைசியாக எஸ்தர் வந்தாள். அவள் தட்டு எதுவும் கொண்டுவரவில்லை.

"மேரிக்கு வைகாசியில கல்யாணம். பாத்தியை நம்பி மாப்பிள்ளை வீட்டுக்கு மூணு வகை இனிப்புன்னு வாக்குக் கொடுத்துட்டேன். மதினி, ஒரே ஒரு மாசம். தின்னுட்டு மறுபடி விட்டுரு, கல்யாணத்துக்குள்ள பாத்தியில இறங்கிரும்."

எஸ்தர் அவளை மதினி என்று கூப்பிடுவது ஏதாவது கேட்கும்போது மட்டும்தான். ராஜகனி அவள் முகத்தைப் பார்த்தாள். எஸ்தருக்கு மகள் மேரி பிறந்தபோது ஆஸ்பத்திரியில் துணைக்கு உட்கார்ந்திருந்தவள் ராஜகனிதான். முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. "நாளைக்குச் சொல்லுதேன்" என்றாள். எஸ்தர் போனதும் தட்டுகளில் ஒட்டியிருந்த துகள்களைப் பார்த்தபடி நின்றாள். ஒரு மாதம்தானே என்று அவளுக்கே தோன்றியது. அந்த நினைப்பு வந்ததும் குதிகால் விண்ணென்று தெறித்தது.

அன்று மத்தியானம், கோடை மழைக்கு முன் கடைசியாக வாரியதில் மிஞ்சியிருந்த ஒரு கை சீனியைத் துணியில் முடிந்துகொண்டு அக்காள் வீட்டுக்குப் போனாள். அந்தச் சீனியின் வாசனை ஊரில் யாருக்கும் பிடிபடவில்லை, எதிலும் சேராத ஒரு பச்சை வாசனை. தங்ககனி நாற்காலியில் இருந்தபடி முடிச்சை மூக்கருகே கொண்டுபோனாள். அவள் கை அப்படியே நின்றது.

"இது நான் வச்ச சேனைல்லா."

எங்கள் பக்கம் பிள்ளை பிறந்ததும் சொந்தக்காரர் ஒருவர் விரலைச் சீனித் தண்ணீரில் தொட்டு அதன் நாக்கில் வைப்பார்கள். அதற்குப் பேர் சேனை. வைத்தவர் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். ராஜகனி பிறந்த அன்று மழையில் பெரியவர்கள் யாரும் வந்து சேரவில்லை, பாவாடை கட்டிய சிறுமியாக இருந்த தங்ககனிதான் விரலைத் தொட்டு வைத்தாள்.

"அடுப்படியில பச்சை ஓலை எரிஞ்சுட்டு இருந்திச்சு, அந்த வாசனைதான் இது" என்றாள் தங்ககனி. "நான் வச்சதாலதான் என் நோவும் உனக்கு வந்திட்டுன்னு இத்தனை நாளா நினைச்சுக்கிட்டு இருக்கேன், கனி. உன் காலைப் பாக்கவே எனக்குப் பயம்."

"நீ வச்சது இதோ வெளிய வந்திட்டு, பாத்துக்க. நோவை உள்ள வச்சது நான்தான். முந்தானையில முடிஞ்சு முடிஞ்சு வச்சேன்."

"இனி உள்ள ஒண்ணும் இல்லையா?"

"முதல்ல வச்சதே வந்திட்டுன்னா அப்புறம் என்ன இருக்கு."

ராஜகனி காலை நீட்டினாள். தங்ககனி முதல்முறையாக அந்தக் குதிகாலைத் தொட்டுப் பார்த்தாள். புண் இருந்த இடத்தில் ஒரு வேப்பம்பழ அளவுக்குத்தான் சிவப்பு மிச்சமிருந்தது. அவள் அதைக் கட்டைவிரலால் தடவிவிட்டு, "இது என் காலுட்டி" என்றாள். "எனக்குப் போனது போகட்டும். இதை யாருக்கும் கொடுக்காத."

மறுநாள் மிதிப்புக்கு ஊரே அளத்து வரப்பில் வந்து நின்றது. அண்ணாச்சியும் வந்திருந்தார். ராஜகனி எஸ்தரைத் தேடி, அவள் எதிரில் போய் நின்று, எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"என்கிட்ட தீந்துபோச்சு எஸ்தரு. இனி நான் தின்ன மாட்டேன், ஒரு மாசத்துக்கும் இல்ல, ஒரு வாய்க்கும் இல்ல. என் காலு எனக்கு வேணும். ஆனா சீனி என் உடம்புல மட்டுமா இருந்திச்சு? இத்தனை வருசமா எல்லாரும் ஒரே வாளி டீயைத்தான குடிக்கோம். உங்க காலுல இல்லையா?"

எஸ்தர் தன் வயிற்றைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள், மரத்துப்போய் உணர்ச்சியில்லாமல் இருக்கும் தன் கால் பெருவிரலைப் பார்த்தாள். அதை அவள் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. டீ வாளியை எடுத்து வரப்புக்கு அந்தப் பக்கம் கவிழ்த்தாள்.

"நாளையிலருந்து இதுல சீனி போடாத" என்று வாளி கொண்டுவந்தவரிடம் சொன்னாள். "மேரிக்காகன்னு சொன்னேன்ல. என் பிள்ளைக்கு நான்தான் மிதிக்கணும்."

எஸ்தரைப் பார்த்து ஊரும் சீனியை விட்டது, ஆனால் விட்ட உடனே எதுவும் இறங்கவில்லை. ஊர் முதலில் தலைவலியில் கிடந்தது. எல்லாரும் எல்லாரிடமும் எரிந்து விழுந்தார்கள், பழைய வேலித் தகராறுகள் திரும்பி வந்தன, டீக்கடையில் ஒருவரை ஒருவர் பார்க்காமல் வெறும் டீ குடித்தார்கள். மிதிப்பதை மட்டும் அளத்துப் பெண்கள் யாரும் நிறுத்தவில்லை. பிறகு ஒரு காலையில் எஸ்தர் மிதித்த இடத்தில் எறும்பு வந்தது. அன்றிலிருந்து வைகுண்டம் இறங்கினார், கோயில் கமிட்டி இறங்கியது, தட்டு கொண்டுவந்தவர்கள் எல்லாரும் இறங்கினார்கள், சுயம்புகூட ஆட்டின் முன்னால் சத்தியம் செய்துவிட்டு இறங்கினான்.

அண்ணாச்சி கடைசி வரை வரப்பிலேயே நின்றார். அவர் சட்டைப் பையில் எப்போதும் மாத்திரை இருப்பதும், வீட்டில் அல்வாவை ஒளித்து வைத்துத் தின்பதும் எங்களுக்குத் தெரியும். தன் சொந்தப் பாத்தியில் அவர் ஒருநாளும் வெறுங்காலை வைத்ததில்லை.

"அண்ணாச்சி, தண்ணி உங்களது, பாத்தி உங்களது" என்றாள் ராஜகனி. "காலு மட்டும் எங்களதா?"

அவர் சிரித்துக்கொண்டே ஷூவைக் கழற்றினார். சாக்ஸைக் கழற்றியபோது சிரிப்பு நின்றது, ஏனென்றால் அவருடைய குதிகாலிலும் கறுப்பாக ஒன்று இருந்தது, அதை அவரே அப்போதுதான் பார்த்தார். ராஜகனி தன் பிளாஸ்டிக் பையை எடுத்து அவர் காலில் சுற்றிக் கட்டினாள். "நாளைக்கு எங்க டாக்டரம்மாட்ட வாங்க. இன்னிக்கு விரலால மிதிங்க" என்றாள். பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு, எஸ்தரின் தோளில் கை வைக்கலாமா என்று தயங்கி, பிறகு வைத்து, அவர் வரிசையில் நின்றார். அவர் வாயைக் கட்டிய பிறகு மிதித்த பாத்தியில் சீனி சர்க்கரைவள்ளிக் கிழங்கு அளவுக்குக் கட்டி கட்டியாக விளைந்தது. வைகுண்டம் அதைச் சம்மட்டியால் உடைக்க வேண்டியிருந்தது.

மேரியின் கல்யாணத்தில் மூன்று வகை அல்ல, ஏழு வகை இனிப்பு வைத்தார்கள். மாப்பிள்ளை ஊர்க்காரர்கள் வேர்க்க வேர்க்கத் தின்றார்கள். எங்கள் ஊர்ப் பந்தியில் இலைகளின் ஓரத்தில் இனிப்பு அப்படியே இருந்தது, யாரும் யாரையும் வற்புறுத்தவில்லை. "உங்க ஊர்ல என்ன விரதமா?" என்று மாப்பிள்ளையின் தாய்மாமன் கேட்டார். "இல்ல, விளைச்சல் ஜாஸ்தி" என்றாள் எஸ்தர்.

உண்மையில் விளைச்சல் அளவுக்கு மீறிப் போனது. அளம் நெடுகச் சீனிக் குவியல்கள் ஓலை மூடி நின்றன. ஊரில் தின்ன ஆளில்லை. வெளியூர் லாரிகள் ஏற்றிப் போனது போக மிச்சத்தை ஐப்பசி மழை கரைத்துக் கடலுக்குக் கொண்டுபோனது. ஒருநாள் பூரா அலை நுரை பிசுபிசுவென்று கரையில் ஒட்டியது, மறுநாள் கடல் அதை மறந்துவிட்டது. வைகுண்டத்தின் குடையிலிருந்து தேனீக்கள் கூட்டமாகக் கிளம்பி உடை மரங்களுக்குப் போயின. அவர் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு தெருவில் நடந்தார், புதுக் குடை வாங்கியவர் மாதிரி.

அந்த மழை தாண்டியது. எந்த மழைக்குள் பாதம் போகும் என்று சொன்னார்களோ அந்த மழை தாண்டி, தை பிறந்து, அளம் திறந்து, பாத்திகளை மிதித்து, தண்ணீர் விட்டு, மாசி வெயிலில் முதல் பூப்பு வந்தபோது அண்ணாச்சி செருப்பைக் கரையில் விட்டுவிட்டு வரப்பில் நடந்து வந்தார். அவருடைய கால் ஆறியிருந்தது. கடைசிப் பாத்தியில் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துக் கண்ணை மூடினார். பெண்கள் வாருபலகைகளை ஊன்றி நின்று அவர் வாயையே பார்த்தார்கள்.

"உப்பு" என்றார், பேரன் பிறந்த செய்தியைச் சொல்கிறவர் மாதிரி.

"கைச்சல் கசப்பு ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டாள் எஸ்தர்.

"நல்ல உப்பு."

ராஜகனியும் குனிந்து ஒரு உப்புக்கல்லை எடுத்து வாயில் போட்டாள். அந்தப் பாத்தியில் விளைந்ததை அவள் தின்று பார்த்தது அதுதான் முதல்முறை. மூன்றாம் தெருவில் அக்காளுக்குக் கொண்டுபோக இன்னும் கொஞ்சம் எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். பிறகு வாருபலகையைத் தோளில் தூக்கிப் பாத்தியில் இறங்கினாள், இடது குதிகாலை முதலில் வைத்து.